மாட்டுக்கு முட்டி எங்கே இருக்கிறது?

பிப்ரவரி 6, வியாழன் – தர்மபுரி

தொப்பூர் கணவாயில் பஸ் வளைந்து வளைந்து ஏறிக்கொண்டிருந்தபோது மடியில் ஈரம் தட்டியது. தண்ணீர் பாட்டில்தான் கசிகிறது என்று பைக்குள் கையை விட்டேன். கை கருப்பாக வெளியே வந்தது. முந்தின நாள் ராத்திரி இந்தியன் இங்க் புட்டியை மூடியது நான்தான். மரையில் சரியாக உட்காராமலே திருகியிருக்கிறேன். பக்கத்து சீட்டு அம்மா தன் கட்டைப்பையிலிருந்து ஒரு பழைய வேட்டிக் கிழிசலை எடுத்து நீட்டினார். “தேய்க்காதம்மா, பரவிடும். ஒத்தி ஒத்தி எடு.” நல்ல யோசனைதான். ஆனால் அந்த மையில் அரக்கு கலந்திருக்கும், காய்ந்துவிட்டால் தண்ணீருக்கு அசையாது. படத்துக்கு அது வரம். சுடிதாருக்கு அப்படிச் சொல்ல முடியாது.

திருச்சியில் ஒரு பள்ளியில் 17 வருடமாக ஓவியம் சொல்லிக்கொடுக்கிறேன். மாடு, யானை, குதிரை, முயல் என்று கரும்பலகையில் போட்டுக் காட்டுவதுதான் பிழைப்பு. இரண்டு வட்டம், மேலே ஒரு வளைகோடு, கீழே நாலு கால். மாடு முடிந்தது. போன மாதம் ஆறாம் வகுப்பில் ஒரு பையன் எழுந்து, “மிஸ், எங்க வீட்டு மாட்டுக்குப் பின்னங்கால் இப்படி இருக்காது” என்றான். “உட்கார்” என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகு மனசு கேட்கவில்லை. வீட்டுக்கு வந்து யோசித்தால், நான் உயிருள்ள மாட்டைப் பார்த்து வரைந்து எத்தனை வருடம் ஆயிற்று என்றே ஞாபகம் வரவில்லை. எல்லாம் போட்டோவைப் பார்த்து வரைந்தது, இல்லையென்றால் கை பழக்கத்தில் வரைந்தது. மூன்று நாள் லீவு சொன்னேன், நடுவில் சனி ஞாயிறு, கிளம்பிவிட்டேன்.

தர்மபுரி அகழ்வைப்பகத்துக்குப் போனது நடுகற்களுக்காக. இந்தப் பக்கத்து ஊர்களில் கிடைத்த கற்கள். ஆநிரை கவர வந்தவர்களோடு சண்டையிட்டுச் செத்தவன், மீட்கப் போய்ச் செத்தவன், புலியோடு மோதிச் செத்தவன் என்று வரிசையாக நிற்கிறார்கள். இடது கையில் வில், வலது கையில் குறுவாள். வட்டெழுத்தில் நாலைந்து வரி. ஒரு கல்லில் புலி பின்னங்கால்களில் எழுந்து நின்று வீரனோடு மல்லுக்கட்டுகிறது. முகம் அச்சு அசல் தெருநாய். வாலை வைத்துத்தான் புலி என்று ஒத்துக்கொள்ள வேண்டும்.

எனக்குச் சிரிப்பு வந்தது. உடனே ஓவியர் ட்யூரரின் 1515-ஆம் வருடத்துக் காண்டாமிருகமும் ஞாபகம் வந்தது. குஜராத் சுல்தான் கொடுத்து, கப்பலில் லிஸ்பன் போய் இறங்கிய மிருகம் அது. ஜெர்மனியில் இருந்த ட்யூரர் அதைக் கண்ணால் பார்த்ததே இல்லை. யாரோ எழுதி அனுப்பிய விவரமும் ஒரு கோட்டுப்படமும்தான் கையில். அதை வைத்துப் பேனாவும் மையுமாக வரைந்து, மரக்கட்டையில் செதுக்கி அச்சடித்தார்கள். கவசம் போட்ட மாதிரி தோல், தோளுக்கு மேலே இல்லாத ஒரு குட்டிக் கொம்பு. ஐரோப்பா இருநூறு வருடத்துக்கு மேல் காண்டாமிருகம் என்றால் இதுதான் என்று நம்பியது. அவ்வளவு பெரிய கைக்கே அந்தக் கதி என்று என்னைத் தேற்றிக்கொண்டேன்.

நின்றுகொண்டே வரைவதைப் பார்த்த காவலாளி ஒன்றும் பேசாமல் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைக் கொண்டுவந்து போட்டுவிட்டுப் போனார். பத்து நிமிடம் கழித்து வந்து, “தனியாவா வந்திருக்கீங்க?” என்றார். இந்தப் பயணத்தில் இது முதல் தடவை. இனி எண்ணுவதாக இல்லை.

சாயங்காலம் மை வாங்கப் போனேன். மூன்று கடை ஏறி இறங்கி, நாலாவதில் கேட்டேன்.

“இந்தியன் இங்க் இருக்காங்க?”

“இந்தியாவுல செஞ்சதுதான் மேடம்.”

25 ரூபாய். லேபிளைப் படிக்காமல் வாங்கினேன். அசதி.

ராத்திரிக்கு மெஸ்ஸில் ராகி களி. ஓர் உருண்டை, கீரைக் கடைசல், கருவாட்டுக் குழம்பு, 70 ரூபாய். நான் மென்று சாப்பிடுவதைப் பார்த்துப் பரிமாறியவர் சங்கடப்பட்டார். “களியை மெல்லக்கூடாதுக்கா, கிள்ளிக் குழம்புல தொட்டு முழுங்கணும்.” முழுங்கினேன். அவர் சொன்னது சரி. அறையில் போர்வை போதவில்லை. பிப்ரவரியிலும் இங்கே ராத்திரி குளிர்கிறது.

பிப்ரவரி 7, வெள்ளி – ஒகேனக்கல்

தர்மபுரியிலிருந்து பென்னாகரம் வழியாக 46 கிலோமீட்டர். கடைசிப் பகுதி காட்டு வழி. ஜன்னலில் கண்ணை வைத்துக்கொண்டே வந்தும் யானை எதுவும் தென்படவில்லை. சாலையோரம் காய்ந்த சாணம் மட்டும் பார்த்தேன்.

முதலில் முதலைகள். இங்கே முதலைகளுக்கென்று வனத்துறையின் மறுவாழ்வு மையம் இருக்கிறது. மிருகம் வரைகிறவர்களுக்கு இதைவிட நல்ல பள்ளிக்கூடம் கிடையாது என்பேன், காரணம் இவை அசைவதில்லை. நாய் திரும்பிவிடும், ஆடு நடந்துவிடும், பூனை நம்மைப் பார்த்ததுமே எழுந்து போய்விடும். சதுப்பு நில முதலை வாயைப் பிளந்துகொண்டு முக்கால் மணி நேரம் அப்படியே கிடக்கிறது. கோபத்தில் இல்லை, உடம்புச் சூட்டைத் தணித்துக்கொள்ளத்தான் அப்படிக் கிடக்குமாம். வாயை மூடியதும் கீழ்த்தாடையின் நாலாவது பல் வெளியே துருத்திக்கொண்டு தெரிந்தது. முன்னங்காலில் ஐந்து விரல், பின்னங்காலில் நாலு. நான் இத்தனை காலமும் நாலு காலுக்கும் ஐந்து ஐந்தாகப் போட்டு வந்திருக்கிறேன்.

செதில் விஷயத்தில் ஒன்று. முதுகு முழுக்கச் செதிலை எண்ணி எண்ணிப் போட்டால் முதலை வராது, பனையோலைப் பாய்தான் வரும். வெயில் படுகிற இடத்தைக் காகிதமாகவே விட்டுவிட்டு, நிழல் திரும்புகிற இடத்தில் மட்டும் நாலைந்து செதிலை அழுத்திக் காட்டினால் போதும், மீதியைப் பார்க்கிறவர் கண் போட்டுக்கொள்ளும். அப்புறம், பென்சிலால் எவ்வளவு அழுத்தினாலும் கருப்பு வராது. பிள்ளைகள் ‘லெட்’ என்று சொல்வதில் ஈயம் கிடையாது, கிராஃபைட்டும் களிமண்ணும்தான். கருமை கூடிய 6பி பென்சில் வரை போனாலும் சாய்த்துப் பார்த்தால் பளபளவென்று சாம்பலாக மின்னும். வாயின் உள்ளிருட்டு, கண்ணின் கீற்று, இந்த மாதிரி இடத்துக்கு மைதான் வேண்டும். அதிலும் பென்சிலை அழுத்தித் தேய்த்த இடத்தின் மேல் மை பிடிக்காமல் வழுக்கும் என்பதால், மைக்கான இடங்களை முதலிலேயே காலியாக விட்டுவைக்க வேண்டும். நிப்பைத் தொட்டு முதலையின் கண்ணை வைத்தேன். படம் திடுக்கென்று என்னைப் பார்த்தது. அந்த ஒரு நொடிக்குத்தான் இந்தத் தொழிலில் இருக்கிறேன்.

இதோடு நாள் முடிந்திருக்கலாம்.

நோட்டை எடுத்துக்கொண்டு அருவிப் பக்கம் போனேன். கன்னடத்தில் ‘ஹொகே’ என்றால் புகை. புகைகிற கல் என்றுதான் ஊருக்கே பேர். பேரைக் கேட்டாவது புத்தி வந்திருக்க வேண்டும். காட்சி மேடையில் நின்று நோட்டைப் பிரித்த இரண்டாவது நிமிடம் சாரல் வந்து தாளில் படிந்தது. முதலையின் கண் கரைந்து தாடை வழியாக ஊதா நிறத்தில் ஒழுகியது. ‘இந்தியாவில் செஞ்ச இங்க்’ என்பது பேனாவுக்கு ஊற்றுகிற பள்ளிக்கூட மை. அதில் அரக்கும் கிடையாது ஒன்றும் கிடையாது. கடைக்காரர் சொன்னதில் பொய்யும் கிடையாது.

நோட்டைக் காயவைக்க ஒரு பாறையில் விரித்து உட்கார்ந்தேன். குழை ரப்பரை எடுத்துப் பக்கத்தில் வைத்தேன். கையில் பிசைந்து வேண்டிய வடிவத்துக்குக் கொண்டுவருகிற சாம்பல் நிற ரப்பர் அது, நேற்றுச் சாப்பிட்ட களியின் குட்டி உருண்டை மாதிரியே இருக்கும். எனக்குத் தோன்றியது ஒரு குரங்குக்கும் தோன்றியிருக்கிறது. எடுத்துக்கொண்டு போய் மரத்தில் உட்கார்ந்து கடித்தது, இழுத்தது, நீட்டியது, மறுபடி கடித்தது. பயமாகப் போய்விட்டது, விழுங்கிவிடுமோ என்று. கடைசியில் துப்பிவிட்டு என்னைப் பார்த்த பார்வையில் இருந்த அவமதிப்பை வரைய எனக்குக் கை வராது. எண்ணெய் மசாஜ் செய்கிற அண்ணன் ஒருவர் ரப்பரைப் பொறுக்கிக்கொண்டு வந்து கொடுத்தார். பல் பதிந்திருந்தது. “களின்னு நினைச்சிருக்கும்” என்றார் அவரும்.

மத்தியானம் மீனை வாங்கிச் சமையல்கார அக்கா ஒருவரிடம் கொடுத்தேன். இங்கே அப்படித்தான், மீன் உங்களுடையது, கைப்பக்குவம் அவர்களுடையது. மீனுக்கும் கூலிக்கும் சேர்த்து 280 ஆனது. ஒருத்திக்கு அதிகம்தான். ஆனால் அந்த வறுவல் மசாலாவுக்கு இன்னும் ஐம்பது கொடுத்திருப்பேன்.

பிப்ரவரி 8, சனி – ஒகேனக்கல், மறுபடி தர்மபுரி

இரண்டு முழங்காலிலும் வலி. காலையில் ஒரு குடும்பத்தோடு ஒட்டிக்கொண்டு பரிசலில் போனேன். முன்னெல்லாம் மூங்கில் கூடைமேல் மாட்டுத்தோல் போர்த்துவார்கள், இப்போது பிளாஸ்டிக் ஷீட். பாறையில் ஒரு நீர்க்காகம் சிறகை விரித்து உலர்த்திக்கொண்டிருந்தது. பரிசல் தட்டாமாலை சுற்றுகிற வேகத்தில் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு கோடு என்று ஏழு கோட்டில் அதை முடித்தேன். இந்த இரண்டு நாளில் உருப்படியாக வந்த ஒரே படம்.

மீதிப் பொழுது தூக்கம்.

பிப்ரவரி 9, ஞாயிறு – போச்சம்பள்ளி

குண்டூசியிலிருந்து தங்கம் வரை கிடைக்கும் என்று போச்சம்பள்ளிச் சந்தையைப் பற்றிச் சொல்வார்கள். நான் போய்ச் சேர்ந்தபோது எட்டு மணி. ஆட்டுக்கூட்டம் நிரம்பி வழிந்தது. புளி, நிலக்கடலை, மண்வெட்டிக் காம்பு, கயிறு, சலங்கை. பனி இன்னும் முழுசாக விலகவில்லை. டீ 12 ரூபாய், இஞ்சி தட்டிப் போட்டது.

மாடுகள் நின்ற பக்கம் ஒரு புளியமரத்தடியில் உட்கார்ந்தேன். பெரும்பாலும் கலப்பின மாடுகள்தான். நடுவில் ஒரே ஒரு காளை வேறு மாதிரி நின்றது. இருண்ட சாம்பல், கழுத்தும் திமிலும் கிட்டத்தட்ட கருப்பு, நெற்றியில் வெள்ளை, கொம்பு பின்னால் சாய்ந்து ஏறியிருந்தது. ஆலம்பாடி என்றார்கள். ஒகேனக்கல் பக்கத்துக் காவிரிக்கரை ஊர்ப் பேர் அது, உழவுக்கும் பாரத்துக்கும் பேர் போன இனம். எண்ணிக்கை குறைந்துகொண்டே வர, அதற்கென்று தர்மபுரி மாவட்டத்தில் ஓர் ஆராய்ச்சி மையமே வைத்திருக்கிறார்கள். நான் பென்சிலை எடுத்தேன்.

அரை மணி நேரம் போயிருக்கும். பின்னால் யாரோ நிற்பது தெரிந்தது. தோளில் பச்சைத் துண்டு, கையில் குச்சி, அறுபதுக்கு மேல் வயது. தரகர்.

“டீச்சருங்களா?”

“ஆமாங்க. எப்படித் தெரியும்?”

“கோடு அளந்து போடறீங்க. நல்லாத்தான் இருக்கு. ஆனா இந்த மாட்டை நான் வாங்க மாட்டேன்.”

“ஏங்கண்ணா?”

“பின்னங்கால் நொண்டி.”

சுற்றி நின்ற நாலு பேர் எட்டிப் பார்த்தார்கள். ஒருவர் ஆமாம் என்று தலையாட்டினார். மறுபடியும் அதே பின்னங்கால்! ஆறாம் வகுப்பில் ஆரம்பித்தது போச்சம்பள்ளி வரை வந்திருக்கிறது.

அவர் என்னைக் காளைக்குப் பக்கத்தில் கூப்பிட்டார். குச்சியால் பின்னங்காலின் நடுவே, பின்பக்கம் கூர்மையாகத் துருத்திக்கொண்டிருக்கிற இடத்தை மெல்லத் தொட்டார். “இது என்னா?”

“முட்டி.”

“இது குதிங்க. முட்டி மேல இருக்குது, வயித்தோரமா.” குச்சி மேலே போனது. விலா முடிந்து அடிவயிறு தொடையோடு சேருகிற மடிப்பின் அருகே நின்றது. தோலுக்குள் உருண்டையாக ஒன்று அசைந்தது. காளை காலை மாற்றி வைத்தபோது அது முன்னால் போனது, குதி பின்னால் மடங்கியது. “நீங்க குதிங்காலைத் தூக்கி, நுனிவிரல்ல நில்லுங்க. நில்லுங்கம்மா, சும்மா.”

நின்றேன். சந்தைக்கு நடுவே, கருப்பு மை பட்ட சுடிதாரில், ஐம்பது பேர் பார்க்க நுனிவிரலில் நின்றேன்.

“இப்ப முட்டியைக் கொஞ்சம் மடக்குங்க. ம். இதான் மாடு நிக்கறது. ஆயுசு பூராவும் இப்படியே நிக்குது பாவம், அதுவும் ரெண்டு விரல்ல.”

ஆடு விற்க வந்த ஒரு அம்மா வாயில் முந்தானையைப் பொத்திக்கொண்டு சிரித்தார். எனக்கும் அடக்க முடியவில்லை. ஆனால் கெண்டைக்காலில் ஏறிய அந்த இழுப்பு இருக்கிறதே, அதை எந்த உடற்கூற்றுப் படமும் எனக்குத் தந்ததில்லை. 17 வருடமாக மாட்டின் குதிகாலை முட்டி என்று எண்ணி, நிஜ முட்டி இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றுமே இல்லாமல், மேசைக்குக் கால் வைப்பது மாதிரி நேராகச் செருகி வந்திருக்கிறேன்.

அதோடு விடவில்லை. வாயைத் திறந்து பல் காட்டினார். மேல்தாடையில் முன்பல்லே கிடையாது. கீழ்த்தாடையில் விழுந்து முளைத்த பல்லை வைத்து இரண்டு பல், நாலு பல், ஆறு பல், கடை சேர்ந்தது என்று வயசு சொல்வார்கள். நெற்றியில், முதுகில் சுழி எங்கே இருக்கிறது என்று விரலால் வட்டம் போட்டார். சுழி சாஸ்திரத்தில் எனக்கு நம்பிக்கை இல்லை. ஆனால் மயிர் எந்தத் திசையில் படுக்கிறது, எங்கே திசை மாறுகிறது என்பது மையில் கோடு போடுகிறவளுக்கு வேதம். கோடு மயிரோடு போனால் தோல் வரும், எதிர்த்துப் போனால் துடைப்பம் வரும். “படுத்த மாடு எழுந்திருக்கறதைப் போட்டிருக்கீங்களா? பின்னாடிதான் முதல்ல தூக்கும். குதிரை முன்னாடி தூக்கும். மாத்திப் போட்டுறாதீங்க” என்றார். போட்டிருக்கிறேன், மாற்றித்தான். சொல்லவில்லை.

திரும்ப உட்கார்ந்து புதுப் பக்கத்தில் ஆரம்பித்தேன். முதலில் முதுகெலும்பு. அப்புறம் குதியை விட்டுவிட்டு, வயிற்றோர முட்டிக்கு ஒரு புள்ளி. அந்தப் புள்ளியிலிருந்து கால் தானாக இறங்கி வந்தது. திமிலின் கருப்புக்கு அந்தப் பேனா மையைத்தான் வைத்தேன், வேறு வழியில்லை. காய்கிற வரை மூச்சைக்கூட அந்தப் பக்கம் விடவில்லை.

தரகர் ஒரு வியாபாரம் முடித்துக்கொண்டு வந்தார். துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்து விலை பேசுவதை அதுவரை தூரத்திலிருந்துதான் பார்த்திருந்தேன். படத்தைக் கையில் வாங்கி, தள்ளிப் பிடித்து, கிட்டப் பிடித்து, கடைசியில் தோள்துண்டை எடுத்து என் கைமேல் போட்டார். உள்ளே என் விரல்களில் மூன்றைச் சேர்த்துப் பிடித்து அழுத்தினார், பிறகு ஒன்றைத் தனியாக.

“எவ்வளவுண்ணா அது?”

“அதைச் சொன்னா துண்டு எதுக்கு?”

பிப்ரவரி 10, திங்கள் – மல்லப்பாடி

கடைசி நாள். பர்கூர் பக்கம் மல்லப்பாடியில் பாறை ஓவியம் இருக்கிறது என்று தெரிந்துதான் திட்டத்தில் வைத்திருந்தேன். மலை பெரிதில்லை, என் முழங்கால்தான் பெரிதாக்கியது. பத்து மணிக்கே பாறை சுட்டது. வழி தவறி ஒரு முள்வேலிக்குள் போய்த் திரும்பினேன். ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பாட்டி ஒருவர், கேட்காமலே முன்னால் நடக்க ஆரம்பித்தார்.

வெள்ளை நிறத்தில், குதிரைமேல் மனிதர்கள், ஒருவரையொருவர் எதிர்த்து. குதிரைக்கு முட்டியும் இல்லை, குதியும் இல்லை, வெறும் கோடு. ஆனாலும் ஓடுகிறது. நேற்று முழுக்க மூட்டு மூட்டு என்று கற்றுக்கொண்டு வந்தவளுக்கு இது கொஞ்சம் எரிச்சலாகத்தான் இருந்தது. அங்கே உட்கார்ந்து அரை மணி நேரம் ஒன்றும் வரையாமல் பார்த்தேன். கழுத்து முன்னால் நீண்டிருக்கிறது, உடல் ஒரே இழுப்பில் போகிறது. வரைந்தவர் கை நடுவில் எங்கேயும் நிற்கவில்லை.

கீழே இறங்கினால் பாட்டியின் ஆடு ஒன்று வேலமரத்துக் கிளைக்கு எக்கிப் பின்னங்காலில் எழுந்து நின்றது. நுனிக்குளம்பில், குதியைத் தூக்கிக்கொண்டு, முட்டியை மடக்கி. நேற்று நான் நின்ற அதே நிலை. சட்டென்று ஒன்று உறைத்தது. போனை எடுத்துத் தர்மபுரி நடுகல்லின் போட்டோவைத் தேடினேன். பின்னங்காலில் எழுந்து நிற்கிற அந்தத் தெருநாய் முகப் புலி. குதி சரியான இடத்தில் இருக்கிறது. முட்டியும். பக்கத்திலேயே வியாழக்கிழமை நான் அதைப் பார்த்து வரைந்த படம். அதில் இரண்டும் தப்பு. கல்லைப் பார்த்து வரையும்போதே திருத்தி நொண்டியாக்கியிருக்கிறேன்.

“என் ஆட்டைப் போடு” என்றார் பாட்டி.

போட்டேன். பத்து நிமிடம். கண்ணில் பாவை படுக்கையாக ஒரு கோடு, அதை மறக்கவில்லை. காட்டினேன். கண்ணுக்குக் கிட்டே வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார்.

“இது என் ஆடு இல்லை.”

“ஏன் பாட்டி? கால் சரியாத்தானே இருக்கு?”

“கால் யாருக்கு வேணும். அதுக்கு எடது காதுல வெள்ளை இருக்குது பாரு.”

குழை ரப்பரைப் பிசைந்து, குரங்குப் பல் படாத பக்கமாகக் கூர் எடுத்து, இடது காதில் ஒத்தி ஒத்தி வெள்ளையைக் கொண்டுவந்தேன். பாட்டி தாளைக் கிழிக்கச் சொன்னார். நாலாக மடித்துச் சுருக்குப்பையில் வெற்றிலையோடு வைத்துக்கொண்டு, “வெயில் ஏறுது, நீ கிளம்பு” என்றார்.